பத்தொன்பதாவது மாத்திரை

தம்பிக்கு,

நீ சௌக்கியம் என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் உன் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நாங்களும் சௌக்கியம்தான். நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "இன்னா, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுறியா?" என்றார். கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து யார் எதை எழுதினாலும் அவருக்கு மனுவாகத்தான் தெரிகிறது. தம்பிக்கு லெட்டர் என்றேன். "வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டா முடிஞ்சுது, அதுக்கு ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். என் வாய்ஸை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தபோது நீ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் வந்தது. ஏதோ அணில் திட்டுவது போல இருந்தது. இப்போது சொல்லப்போவதை அந்த வேகத்தில் கேட்க முடியாது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார். என் கையெழுத்தை மெதுவாகத்தான் படித்தாக வேண்டும்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். புதுச்சேரிப் பக்கம் அந்த மாத்திரை கம்பெனியில் நீ புரொடக்ஷன் ஆபீசராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் உன் பொறுப்பில் இருக்கும் மெஷினில் ஒரு பேட்ச் மாத்திரை ஓரம் உடைந்து உடைந்து வந்தது. மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஏன் உடைந்தது என்று காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமைக்குள் நீ கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மெஷினைப் பிரித்துக் கழுவப் போகிறார்கள். பவுடர் கலக்கும் இடத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் பெயரைப் போட்டு எழுதிவிடச் சொல்லி உன் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். அந்த அம்மா காண்ட்ராக்ட் ஆள், பெயர் எழுதினால் நிறுத்திவிடுவார்கள். நீயும் அப்படியே எழுதிவிடலாம் என்று இருக்கிறாய். "நீதானம்மா சொல்லுவ, பவுடர் சரியில்லன்னா கடவுளே வந்து செட்டிங் பண்ணாலும் மாத்திரை உடையும்னு" என்று சொல்லிச் சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், பஸ் சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தாய். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் என்னுடையதுதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. இட்லி பிய்ந்தால் சொல்வேன், முறுக்கு உடைந்தால் சொல்வேன். வேலை தெரிந்தவள் சொல்வது போல இருக்கும், அதனால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அதை நான் முதன்முதலில் சொன்னபோது ஒரு மனிதருக்கு வேலை போனது. நீ அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதே காரியத்துக்குப் போகிறாய் என்று தெரிந்ததும் எனக்குப் பயமாக இருந்தது என்றே எழுதிவிடுகிறேன்.

நீ பி.ஃபார்ம் படித்தவன், நான் பத்தாவதோடு நின்றவள். மாத்திரை எப்படி உருவாகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அதைப் படமாகப் பார்த்துப் படித்தாய், நான் கையால் தடவிப் படித்தேன். ஊருக்கு வெளியே இப்போது அரிசி குடோனாக இருக்கும் அந்தக் கட்டடத்தில், பவுடரை மாத்திரையாக அமுக்கும் கம்ப்ரெஷன் அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். எங்கள் மெஷினில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு வட்டம் ஒன்று சுற்றும். அதன் ஓரத்தில் இருபத்தேழு குழிகள். ஒவ்வொரு குழியிலும் தடித்த மோதிரம் போல ஒரு இரும்பு வளையத்தை இறக்குவோம், அதுதான் டை. டைக்குக் கீழே பஞ்ச் என்ற இரும்புத் தண்டு ஒன்று, மேலே ஒன்று. வட்டம் சுற்றும்போது டைக்குள் பவுடர் விழும், இரண்டு பஞ்சும் சேர்ந்து அமுக்கும், பிறகு கீழ்ப் பஞ்ச் எழும்பி மாத்திரையை மேலே தள்ளும். அங்கே நிற்கும் ஒரு தகடு அதை ஒதுக்கிச் சரிவில் விடும். கம்பெனியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அமுக்குவதைப் பார்த்துத்தான் வாய் பிளப்பார்கள். எனக்கு அதில் ஒரு நாளும் கவலை இருந்ததில்லை, மாத்திரை வெளியே வருவதில்தான் கவலை. டையின் வாயும் வட்டத்தின் முகமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கீழ்ப் பஞ்ச் சரியாக அந்த மட்டம் வரைக்கும் எழும்ப வேண்டும். தகடு வட்டத்தைத் தொடவும் கூடாது, ஒரு தாள் நுழையும் இடைவெளிக்கு மேல் விலகி நிற்கவும் கூடாது. டை ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றால் போதும், மாத்திரையின் அடிப்பாகம் இன்னும் உள்ளே இருக்கும்போதே தகடு வந்து இடிக்கும், ஓரம் பெயர்ந்துவிடும்.

அதனால் டையை இறக்குவதற்கு முன்னால் குழியைச் சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. பழைய பவுடர் துளி ஒட்டியிருந்தாலும் டை அதன்மேல் ஏறி உட்காரும். ஒவ்வொரு குழியையும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டையைத் தட்டி இறக்கி, பக்கவாட்டு ஸ்க்ரூவை முறுக்கியதும் அதன் வாயில் குறுக்கே என் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவேன். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் மட்டம் சரி. மட்டம் பார்க்க அலமாரியில் ஒரு அளவுக் கருவி இருந்தது, என் நகத்தை நம்பி அதை வெளியே எடுப்பதே இல்லை. வெளியாட்கள் வந்தால் மானேஜரே, "அந்தம்மா நகமே போதும் சார்" என்பார், எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு, மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், கொஞ்சம் பவுடர் போட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றில் வரும் இருபத்தேழு மாத்திரையையும் வந்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குவோம். ஒரு சுத்து எடுக்கிறது என்போம். பவுடரில் குறை இருந்தால் கண்டபடி எங்கே வேண்டுமானாலும் உடையும். ஒரு டையிலோ பஞ்சிலோ குறை இருந்தால் ஒன்றே ஒன்று உடையும், அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் உடையும். இட்லித் தட்டில் எல்லாக் குழியிலும் பிய்ந்தால் மாவைத் திட்டலாம். ஒரு குழியில் மட்டும் பிய்ந்தால் அந்தக் குழிக்கு எண்ணெய் தடவியது யார் என்று கேட்க வேண்டும்.

நீ மூன்றாம் வகுப்பில் படித்தபோது பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு வசனம் கிடையாது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், காற்று அடிக்கும்போது ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மாதமாக வீட்டில் அந்த இரண்டையும் செய்துகாட்டி உன் அப்பாவைப் படுத்தி எடுத்துவிட்டாய். விழா நான்கு மணிக்கு. அன்றைக்கென்று பார்த்து ஒரு மருந்து முடிந்து, வேறு மருந்துக்கு மெஷினை மாற்ற வேண்டியிருந்தது. முதல் பதினைந்து குழியை வழக்கம்போலச் சுத்தம் செய்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். மீதியை ஈரத் துணியால் ஒரு தடவு தடவிவிட்டு டைகளை இறக்கினேன். ஒரு சுற்று எடுக்கவில்லை. ஆறு வருடமாகச் செய்கிற வேலை, எங்கே போய்விடப்போகிறது என்ற எண்ணம். எல்லாம் முறைப்படி செய்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்து முன் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து மரத்தைவிட நீ நன்றாகத்தான் ஆடினாய். இதை உன் தலையில் கட்டுவதற்காகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்க அம்மா சீக்கிரம் கிளம்பியதில் தப்பில்லை. செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு.

மறுநாள் மத்தியானத்துக்குள் டிரம்மில் உடைந்த மாத்திரைகள் சேர்ந்துவிட்டன. சூப்பர்வைசர் ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டி, "இன்னாம்மா இது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பவுடர் சரியில்ல சார். வழவழப்புக்குப் போடுறது சரியா கலக்கல. பவுடர் சரியில்லன்னா கடவுளே வந்து செட்டிங் பண்ணாலும் மாத்திரை உடையும்" என்றேன். கம்ப்ரெஷனுக்கும் பவுடர் பிரிவுக்கும் இது என்றைக்கும் உள்ள சண்டை. உடைந்தால் நாங்கள் பவுடர் என்போம், அவர்கள் செட்டிங் என்பார்கள். அதனால் நான் சொன்னது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அந்தப் பவுடரைக் கலந்தவர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், காண்ட்ராக்ட் ஆள். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் ஒரு பை நிறைய வேர்க்கடலை அவித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பார். நீ சின்ன வயதில் தின்ற மல்லாட்டையில் பாதி அவர் கொடுத்தனுப்பியது. சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, "கடைசி மிக்ஸிங் ஓடினப்ப நீ கூடவே நின்னியா?" என்று கேட்டார். ஏழுமலை கொஞ்சம் யோசித்து, "ரெண்டு நிமிஷம் தண்ணி குடிக்கப் போனேன் சார்" என்றார். நின்றேன் என்று சொல்லியிருக்கலாம், பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவருக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. நான் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கைச்சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்று எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. சனிக்கிழமை அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பவுடரை மறுபடியும் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள், அப்போதும் உடைந்தது. கலக்கி இனிப் பிரயோஜனமில்லை, முதலிலேயே கெட்டுவிட்டது என்று சொல்லி மொத்த பேட்ச்சையும் ஒதுக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மெஷினைப் பிரித்தேன். பத்தொன்பதாவது டையை எடுத்துவிட்டுக் குழிக்குள் டார்ச் அடித்தபோது அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. தோசைக்கல்லில் காய்ந்துபோன மாவு மாதிரி, ஒரு தாள் தடிமன். நான் ஈரத் துணியால் தடவியபோது பழைய பவுடர் கரைந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, அங்கேயே காய்ந்திருக்கிறது. டை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. பொருக்கைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே போய்ச் சொன்னால் பெயர் போகும், ஒருவேளை வேலையும் போகும் என்று நினைத்தேன். அதற்குள் பவுடர் பிரிவுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் உனக்குத் தோசை ஊற்றும்போது முதல் தோசை பிய்ந்தது. மாவு சரியில்லன்னா கடவுளே வந்தாலும் இப்படித்தான் என்று நான் சத்தமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், விட்டது தெரிந்தேதான். ஆண்டு விழா நாளன்று அவசரத்தில் குழிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டேன் என்று எழுதினேன் அல்லவா, டைகளை இறக்கிய பிறகு நகத்தை ஓட்டினேனா இல்லையா என்று எழுதவில்லை. ஓட்டினேன். இருபத்தேழிலும் ஓட்டினேன். பத்தொன்பதில் நகம் லேசாகத் தட்டியது. அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபதாவதுக்குப் போனேன். அதனால் சூப்பர்வைசர் உடைந்த மாத்திரையை நீட்டியபோது எனக்கு உள்ளே எங்கோ தெரிந்துதான் இருந்தது. பதில் அவ்வளவு வேகமாக வந்ததற்குக் காரணம் அதுதான். இதை உன் அப்பாவிடம்கூட இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. போட்டோ எடுக்கும்போது படித்துவிடுவார், படிக்கட்டும்.

பிறகு நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். அளவுக் கருவியை அலமாரியிலிருந்து எடுத்து மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று எடுக்காமல் மோட்டாரைத் தொட்டதில்லை. கூட வேலை செய்தவர்கள் அக்காவுக்குக் கெடுபிடி ஜாஸ்தி என்பார்கள். ஏழுமலை செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் குடிவந்துவிட்டார், அங்கே உள்ள லாட்ஜ்களுக்குப் பெட்ஷீட் துவைத்துக் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது அந்தச் சந்து வருவதற்கு முன்னாலேயே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். கூட்டத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அப்பாவும் பின்னாலேயே வருவார். எதிர்ப்பக்கம் இளநீர்க்காரர் இருப்பார் என்பதால் உனக்கு அதில் சந்தோஷம்தான். பதினாறு வருடமாக இப்படிக் கடந்திருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் டையின் மேல் நகத்தை ஓட்டினேன், தட்டுகிறதா வழுக்குகிறதா என்றே தெரியவில்லை. சர்க்கரையில் விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. அன்றைக்கே வேலையை விட்டுவிட முடிவு செய்தேன். உங்கள் இரண்டு பேரிடமும் முட்டி வலி என்று சொன்னேன். நான் விட்ட சில மாதத்தில் கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

நீ போன் செய்த மறுநாள், அதாவது நேற்றுக் காலை, அப்பா கிளம்பியதும் பஸ் ஏறிப் போய் அந்தச் சந்து முனையில் இறங்கி உள்ளே நடந்தேன். ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு பெரிய வாஷிங் மெஷின், வெளியே கொடி கொடியாக வெள்ளைப் பெட்ஷீட். ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழுமலை நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "வாம்மா, வா. செல்வி, யாரு வந்துகிறாங்க பாரு, எங்க கம்பெனி கம்ப்ரெஷன் அம்மா" என்று மனைவியைக் கூப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் பஸ்ஸில் மனதைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு நான் தயாராக இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "கால் இன்னாண்ணா இப்டி வீங்கிக் கெடக்குது?" என்று கேட்டேன்.

செல்விதான் பதில் சொன்னார். "மெஷின் ஓடுறப்ப பக்கத்தவுட்டு நகர மாட்டாருங்க. உக்காரவும் மாட்டாரு. தண்ணிகூட நான்தான் கொண்டாந்து கையில குடுக்கணும். ஆட்டோமேட்டிக் மெஷினு, முடிஞ்சா அதுவே நிக்கும்னு எத்தினி வாட்டி சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு."

ஏழுமலை சிரித்தார். "ஒருவாட்டி நகந்துதான் பார்த்தாச்சே. ஒரு பேட்ச்சே போச்சு. இந்தம்மாவுக்குத் தெரியும், கேளு" என்றார்.

தம்பி, அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒரு ஆளுக்கு வேலை போகக் காரணமாக இருந்தேன் என்று மட்டும்தான் பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்மேல் கோபமாக இருப்பார், அநியாயமாக அனுப்பிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் அதை நம்பியிருக்கிறார். தான் தண்ணீர் குடிக்கப் போனதால்தான் அத்தனை மாத்திரையும் வீணானது என்று நம்பி, பதினாறு வருடமாக ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறார்.

கொடியிலிருந்து எடுத்த பெட்ஷீட்டை மடிக்கச் செல்வி, எங்கே வீடு என்று விசாரித்துக்கொண்டே ஒரு முனையை என்னிடம் கொடுத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டு விழா, ஈரத் துணி, பத்தொன்பதாவது குழி, நகம் தட்டியது, பொருக்கைக் கழுவிவிட்டது, எதையும் விடவில்லை. நான் முடித்ததும் ஏழுமலை மெஷினிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்போ, நான் தண்ணி குடிக்கப் போனதால இல்லியா?"

"இல்லண்ணா."

"ரெண்டு நிமிஷம்தாம்மா போனேன். மிக்ஸர் பாட்டுக்கு ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"தெரியும்ணா. உங்க பவுடர் நல்லாத்தான் இருந்துச்சு."

செல்வி கேட்டார். "இத சொல்றதுக்குப் பதினாறு வருஷமா? இங்க இருக்கிற வேங்கிக்கால்லேர்ந்து வர்றதுக்கு?" என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார். "மீதிய நான் மடிச்சுக்கிறேன், நீங்க கெளம்புங்க" என்றார். மறுபடியும் வாருங்கள் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

சந்து முனைக்கு வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்குள் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏழுமலை அதை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வீட்டுப் பக்கம் போனார். வாசலில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டார். மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், முழுச் சொம்பையும் குடித்தார்.

இனி உன் விஷயம். உன் மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும், நீ எதிர்த்துப் பேசினால் அவருக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அம்மாமேல் தப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் அன்றைக்குச் செய்ததையே திருப்பிச் செய்கிறவள் ஆவேன். பவுடரிலேயே குறை இருந்தால் அதை எழுது, எப்படி வந்தது என்று அந்த அம்மாவையும் கேட்டு எழுது. ஆனால் பார்க்காமல் எழுதாதே. உனக்குக் கொடுத்திருப்பது பழைய மெஷின், டச் ஸ்கிரீன்கூட இல்லை என்று குறைப்பட்டாயே, பழைய மெஷின் என்றால் கைச்சக்கரம் இருக்கும். வெள்ளிக்கிழமை பிரித்துக் கழுவிவிட்டால் பிறகு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நாளைக்குக் காலையில் போனதும், முறைப்படி கேட்டு, கூட ஒரு ஆளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் பவுடர் போட்டுக் கையாலேயே சுற்று. வருகிற மாத்திரையை வந்த வரிசையில் அடுக்கு. முடிந்தால் அந்த அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள். இரண்டாவது சுற்றும் எடு. உங்கள் மெஷினில் எத்தனை குழி என்று நீ சொல்லவில்லை, எத்தனையோ அத்தனையும் வேண்டும், ஒன்றைக்கூட விடாதே. எடுத்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். உடைந்தது எத்தனையாவது என்று மட்டும் சொல்.

அம்மா